ஊருக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்: சின்ன அமெரிக்க நகரத்தில் வீட்டு விலையையும் பழைய நிறவெறிக் கணக்கையும் சேர்த்துக் கையாள ஒரு வழிகாட்டி

ஊரில் ஒரு மனை வாங்குவதென்றால் முதலில் வில்லங்கச் சான்று போடுவோம். முப்பது வருடத்தில் யார் யார் கை மாறியது, அடமானம் இருக்கிறதா, தாய்ப்பத்திரம் யாரிடம் என்று பார்க்காமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்க மாட்டோம். அதே நாம் அமெரிக்காவில் ஒரு சின்ன நகரத்தில் குடியேறி, பத்துப் பதினைந்து வருடம் கழித்து, வாடகை இப்படி ஏறுகிறதே என்று நகர மன்றக் கூட்டத்தில் பேச எழுந்து நிற்கும்போது அந்த ஊரின் வில்லங்கத்தைப் பார்த்திருக்கவே மாட்டோம். நானும் அப்படித்தான் போய் நின்றேன். எனக்குக் கொடுத்த மூன்று நிமிடத்தில் "வீடு போதவில்லை, இன்னும் கட்டுங்கள்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது ஒரு கறுப்பினப் பாட்டி என் கையைத் தொட்டு, "கட்டச் சொல்கிறாய், சரி. போன தடவை கட்டுகிறோம் என்று சொல்லித்தான் எங்கள் தெருவை எடுத்துக்கொண்டார்கள்" என்றார்.

அதற்கப்புறம் கற்றுக்கொண்டதுதான் இங்கே இருப்பது. ஐம்பதாயிரம், எண்பதாயிரம் பேர் வாழும் ஊர்களுக்காக எழுதுகிறேன். பெரிய நகரங்களில் இதற்கென்றே ஒரு துறையும் ஐம்பது ஊழியர்களும் இருப்பார்கள். சின்ன ஊரில் ஒரு அதிகாரியும் நாலு தன்னார்வலர்களும்தான். அதனால் எதை முதலில் செய்வது என்பது முக்கியம். என் கணக்கில் வரிசை இதுதான்: யாரிடமிருந்து எது போனது என்று பாருங்கள், இருக்கும் நிலத்தை நழுவவிடாமல் பிடியுங்கள், அதற்கப்புறம் கட்டுங்கள். பெரும்பாலான ஊர்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

1. பத்திரங்களைப் படியுங்கள்

கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போங்கள். விற்றவர் பெயரில் ஒரு அட்டவணை, வாங்கியவர் பெயரில் ஒரு அட்டவணை இருக்கும். முதலில் உங்கள் வீட்டையே எடுங்கள். இன்றைய பத்திரத்தில் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு விற்பனையாகப் பின்னால் போய், அந்த மனைப்பிரிவை முதன்முதலில் போட்டவரின் பத்திரம் வரை போக வேண்டும். 1910-க்கும் 1950-க்கும் நடுவில் போட்ட மனைப்பிரிவாக இருந்தால் பெரும்பாலும் ஒரு நிபந்தனைப் பட்டியல் இருக்கும். தெருவிலிருந்து இத்தனை அடி தள்ளித்தான் கட்ட வேண்டும், பன்றியும் கோழியும் வளர்க்கக் கூடாது, அதே வரிசையில் அடுத்த எண் போட்டு, காக்கேசிய இனத்தவர் தவிர வேறு யாரும் இங்கே குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் விதிவிலக்கு. நான் பார்த்த பத்திரத்தில் தட்டச்சு எந்திரத்தின் மை அந்த வரியில்கூடக் கொஞ்சமும் தடுமாறவில்லை. கோழிக்கு அடுத்த வரி.

இது எங்கிருந்து வந்தது? இந்தத் தெரு வெள்ளையருக்கு, அந்தத் தெரு கறுப்பருக்கு என்று நகரங்களே சட்டம் போட்டுக்கொண்டிருந்தன. வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் 1912-இல் போட்டது. 1917-இல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட சட்டங்கள் செல்லாது என்றது. உடனே அதே வேலையைத் தனியார் பத்திரங்கள் எடுத்துக்கொண்டன. 1934-இல் வந்த மத்திய வீட்டுக்கடன் காப்பீட்டு நிர்வாகம், இப்படிப்பட்ட நிபந்தனை இருந்தால் நல்லது என்று தன் கையேட்டிலேயே எழுதி வைத்தது. 1948-இல் இந்த நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று தீர்ப்பு வந்தது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் நிறம் பார்ப்பதையே தடுத்த சட்டம் 1968 ஏப்ரல் 11 அன்று, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரு வாரம் கழித்துத்தான் கையெழுத்தானது.

இதெல்லாம் அவர்கள் கதை, நமக்கென்ன என்று நினைத்தால், மேற்குக் கரை ஊர்களின் பத்திரங்களைப் பாருங்கள். விலக்கப்பட்டவர் பட்டியலில் "ஆசியர்" இருக்கும், சிலவற்றில் "இந்து" என்ற சொல்லே இருக்கும். அன்றைக்கு அங்கே அது மதத்தின் பெயர் அல்ல, இந்தியாவிலிருந்து வந்த எல்லோருக்கும் போட்ட இனப்பெயர். நம்மில் பெரும்பாலோர் 1965 குடியேற்றச் சட்டத்துக்கு அப்புறம் வந்தவர்கள். வந்திறங்கி விருப்பப்பட்ட தெருவில் வீடு பார்க்க முடிந்ததென்றால், அந்தக் கதவை யார் திறந்தார்கள் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

சின்ன ஊர்களில் ஒரு சிக்கல் உண்டு. கறுப்பினத்தவர் பகுதிகளை வீட்டுக்கடனுக்கு ஆகாதவை என்று சிவப்பில் காட்டிய அந்தப் பிரபலமான 1930-களின் வரைபடங்கள் சுமார் 240 நகரங்களுக்குத்தான் இருக்கின்றன, அவையும் பெரும்பாலும் அன்றைக்கே நாற்பதாயிரம் பேர் இருந்த ஊர்கள். உங்கள் ஊருக்கு அது இல்லையென்றால் சோர்ந்துவிடாதீர்கள். 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மூலத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் குடும்பத் தலைவர் பெயர், இனம், சொந்த வீடா வாடகையா, வீட்டு மதிப்பு அல்லது மாத வாடகை எல்லாம் கையெழுத்தில் இருக்கும். தெற்கு மாநிலங்களின் பழைய ஊர் டைரக்டரிகளில் கறுப்பினத்தவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன 'சி' எழுத்து போட்டிருப்பார்கள். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக வரைபடத்தில் நிறம் தீட்டிவிடலாம். மின்னசோட்டா பல்கலைக்கழகக் குழு மினியாபொலிஸ் பத்திரங்களை இப்படித்தான் தன்னார்வலர்களை வைத்துப் படித்து முடித்தது. சார்லட்ஸ்வில்லில் ஜெஃபர்சன் பள்ளி ஆப்பிரிக்க அமெரிக்க மரபு மையம் அதே வேலையைச் செய்கிறது. ஒரு நூலகமும் பத்துப் பேரும் ஆறு மாதச் சனிக்கிழமைகளும் போதும்.

2. எடுத்துக்கொண்ட தெருவைத் தேடுங்கள்

பத்திரம் பாதிக் கதைதான். மீதி, 1949 வீட்டு வசதிச் சட்டத்துக்கு அப்புறம் "நகரப் புதுப்பித்தல்" என்ற பெயரில் நடந்தது. இதைச் சார்லட்ஸ்வில்லை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் ஒரு சின்ன ஊரில் என்னென்ன நடக்குமோ அத்தனையும் அங்கே நடந்திருக்கிறது. இன்றைக்கு சுமார் 46,500 பேர் இருக்கும் ஊர் அது.

கடைவீதிக்கு ஒட்டினாற்போல வினிகர் ஹில் என்று கறுப்பினத்தவர் பகுதி இருந்தது. முடிதிருத்தகம், உணவகம், மளிகை, காப்பீட்டு ஏஜென்ட், தேவாலயம் என்று எல்லாம் அங்கேயே. அதை இடிக்கலாமா என்று 1960-இல் ஊர் முழுக்க ஓட்டெடுப்பு வைத்தார்கள். ஓட்டுப் போட வேண்டுமென்றால் தலைவரி கட்டியிருக்க வேண்டும், அதனால் இடிக்கப்படப் போகும் வீட்டில் குடியிருந்த பலருக்கு ஓட்டே கிடையாது. இடிக்கலாம் என்று சொற்ப வித்தியாசத்தில் முடிவாயிற்று. 1965 வாக்கில் சுமார் 140 கறுப்பினக் குடும்பங்களும் முப்பதை ஒட்டிய கடைகளும் போய்விட்டன. குடும்பங்களில் பல வெஸ்ட்ஹேவன் என்ற அரசு அடுக்குமாடிக்கு வாடகைக்குப் போயின. கடைகளில் பல மறுபடி திறக்கவே இல்லை. இதைவிட வயிற்றெரிச்சல், இடித்த நிலத்தில் பெரும்பகுதி வருடக் கணக்கில் சும்மா கிடந்தது. நகர மன்றம் மன்னிப்புக் கேட்டது 2011-இல்.

உங்கள் ஊரிலும் ஒரு வினிகர் ஹில் இருக்கும். நூலகரிடம் கேட்பதைவிட ஊரின் பழைய கறுப்பினத் தேவாலயத்தில் ஞாயிறு மதியம் கேட்டால் சீக்கிரம் தெரிந்துவிடும். பார்க்கிங் லாட், பஸ் ஸ்டாண்ட், விரைவுச்சாலை இறக்கம் இவற்றில் ஏதோ ஒன்றின் அடியில் அது இருக்கும். கேட்கப் போகும்போது ஒலிப்பதிவுக் கருவியோடு போகாதீர்கள். முதல் தடவை சும்மா போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

கிடைத்ததை ஒரு பட்டியலாக்குங்கள்: மனை எண், அன்றைய உரிமையாளர், எந்த வருடம் எடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், இன்றைக்கு அது யார் பெயரில் இருக்கிறது, இன்றைய வரி மதிப்பு எவ்வளவு. கடைசி இரண்டு விவரங்களையும் கவுன்டி இணையதளத்திலேயே எடுத்துவிடலாம். இந்த ஒரு தாள்தான் பிற்பாடு எல்லாப் படிகளிலும் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம். முக்கியமாக, அதில் இன்றும் நகராட்சி பெயரிலேயே இருக்கும் மனைகளுக்கு அடியில் கோடு போட்டு வையுங்கள்.

3. "கட்டுப்படியாகும் வீடு" என்றால் யாருக்கு என்று கேளுங்கள்

கூட்டங்களில் எல்லோரும் ஏஎம்ஐ, ஏஎம்ஐ என்பார்கள். பகுதியின் நடுநிலைக் குடும்ப வருமானம் அது (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேல், பாதி அதற்குக் கீழ்), மத்திய வீட்டு வசதித் துறை வருடா வருடம் வெளியிடும். நாலு பேர் குடும்பத்துக்கு அது 1,00,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது பொதுக்கணக்கு. அப்படியானால் 80 சதவீத ஏஎம்ஐ குடும்பத்துக்கு மாதம் 2,000 டாலர் "கட்டுப்படியாகும்" வாடகை. 60 சதவீதத்துக்கு 1,500. 30 சதவீதத்துக்கு 750.

பில்டர் மேடையேறி நாற்பது கட்டுப்படியாகும் வீடு தருகிறேன் என்றால் அவர் பெரும்பாலும் 2,000 டாலர் வீட்டைச் சொல்கிறார். பள்ளிப் பேருந்து ஓட்டுபவருக்கும் முதியோர் இல்ல உதவியாளருக்கும் வேண்டியது 750-க்கும் 1,200-க்கும் நடுவில் உள்ள வீடு. போதாததற்கு, அந்த நடுநிலை வருமானம் உங்கள் நகரத்துடையது மட்டும் அல்ல, சுற்றியுள்ள பணக்காரப் புறநகர்களையும் சேர்த்தது. குதிரைப் பண்ணைக்காரரின் வருமானம் உங்கள் ஊர் வாடகை வரம்பைத் தூக்கிவிடும்.

அதனால் சென்சஸ் தளத்துக்குப் போய் இரண்டு அட்டவணைகளை எடுங்கள். பி19013 குடும்ப வருமானம், பி25003 சொந்த வீடா வாடகையா என்பது. இரண்டின் வாலிலும் 'பி' என்ற எழுத்தைச் சேர்த்தால் கறுப்பினக் குடும்பங்களுக்கு மட்டும் வரும், 'டி' சேர்த்தால் ஆசியருக்கு. சின்ன ஊர் என்பதால் ஐந்தாண்டுத் தொகுப்பை மட்டும் பாருங்கள், பக்கத்தில் போட்டிருக்கும் பிழை வரம்பையும் சேர்த்தே சொல்லுங்கள், இல்லையென்றால் எதிர்த்தரப்பில் ஒரு புள்ளியியல்காரர் எழுந்து உங்களைக் கிழித்துவிடுவார். நாடு முழுக்க வெள்ளையர் குடும்பங்களில் பத்துக்கு ஏழுக்கு மேல் சொந்த வீட்டில் இருக்கின்றன, கறுப்பினக் குடும்பங்களில் பத்துக்கு நாலரை அளவு. உங்கள் ஊரின் இடைவெளி இதைவிடப் பெரிதா சிறிதா என்பது முதல் கேள்வி. கறுப்பினக் குடும்பங்களின் நடுநிலை வருமானம் ஏஎம்ஐ-யில் எத்தனை சதவீதம் என்பது இரண்டாவது. அது 45 என்று வந்தால், 80 சதவீத வீடுகளுக்குப் போடும் ஒவ்வொரு பொதுப்பண டாலரும் அவர்களில் பெரும்பாலோரைத் தாண்டிப் போகிறது என்று அர்த்தம்.

4. ஜோனிங்கை மாற்றுங்கள், ஆனால் எங்கே முதலில் என்று பாருங்கள்

ஒரு மனைக்கு ஒரே வீடு, இத்தனை சதுர அடி குறையக் கூடாது, வீட்டுக்கு இரண்டு கார் நிறுத்தும் இடம். ஜோனிங், அதாவது எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்ற நகராட்சி விதிகளில், நிறம் என்ற சொல் எங்கேயும் இருக்காது, தேவையும் இல்லை. முதல் படியில் செய்த பத்திர வரைபடத்தை ஜோனிங் வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பழைய காக்கேசியர் மட்டும் தெருக்கள் பலவும் இன்றைய தனிவீட்டு மண்டலத்துக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இங்கேதான் நல்லவர்கள் தப்புச் செய்கிறார்கள். அடுக்குமாடிக்கு அனுமதி கொடுக்கும்போது எதிர்ப்புக் குறைவாக வரும் இடமாகப் பார்த்துக் கொடுப்பார்கள். எதிர்ப்புக் குறைவாக வரும் இடம் எது? வாடகைதாரர் அதிகம் இருக்கும் கறுப்பினப் பகுதி. அங்கே நில விலை ஒரே வருடத்தில் எகிறும், ரொக்கம் வைத்திருப்பவன் வந்து கதவைத் தட்டுவான். முதலில் திறக்க வேண்டியது பெரிய மனையும் நல்ல பள்ளியும் இருக்கும் பகுதிகளை.

சார்லட்ஸ்வில் 2023 டிசம்பரில் தன் ஜோனிங்கை மொத்தமாக மாற்றி எழுதியது. ஊர் முழுக்கத் தனிவீட்டு மனைகளில் பல வீடு கட்டலாம் என்றது. பத்து வீடோ அதற்கு மேலோ கட்டினால் பத்தில் ஒன்றை 60 சதவீத ஏஎம்ஐ குடும்பங்களுக்கு 99 வருடம் ஒதுக்க வேண்டும் என்றது. அந்த 60-ஐயும் 99-ஐயும் கவனியுங்கள், பல ஊர்கள் 80 என்றும் 20 வருடம் என்றும் போட்டுவிட்டு முதுகைத் தட்டிக்கொள்கின்றன. கூடவே, விரட்டப்படும் அபாயம் இருந்த பழைய கறுப்பினப் பகுதிகளில் கட்டட வேகத்தைக் குறைத்துத் தனி விதி வைத்தது. அடுத்த மாதமே வீட்டுக்காரர்கள் சிலர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். நீங்களும் வழக்கு வரும் என்றே வைத்துக்கொண்டு, முதல் நாளிலிருந்தே ஊரின் வக்கீலைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

விதி மாறினாலும் சின்ன ஊரில் கட்ட ஆள் வராது, அது இன்னொரு தலைவலி. மிச்சிகனின் கலமசூ இதற்கு ஒரு எளிய வழி கண்டது. நகராட்சியே சில வீட்டு வரைபடங்களை முன்கூட்டி அனுமதித்து வைத்துவிட்டது. உள்ளூர் மேஸ்திரி அளவிலான சின்னக் கட்டுமானக்காரர்கூட அதை எடுத்துக் காலி மனையில் கட்டலாம், ஆர்க்கிடெக்ட் செலவும் அனுமதிக்கு அலையும் அலைச்சலும் மிச்சம்.

5. நிலத்தைப் பிடித்து வையுங்கள்

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். வீட்டுக்கு மானியம் கொடுத்தால் அந்த மானியம் முதல் விற்பனையோடு போய்விடும். வரிச்சலுகையில் கட்டிய வாடகை வீடுகளின் கட்டுப்பாடு பெரும்பாலும் முப்பது வருடத்தில் முடிந்துவிடும். நிலம் கையில் இருந்தால் மட்டும்தான் அது நிற்கும்.

நில அறக்கட்டளை என்பது இதற்கான ஏற்பாடு. மனை அறக்கட்டளை பெயரில், அதன் மேல் நிற்கும் கட்டடம் குடியிருப்பவர் பெயரில். கோயில் மனையில் வீடு கட்டி அடிமனை வாடகை கட்டும் குடும்பங்களை நமக்குத் தெரியும், கிட்டத்தட்ட அது மாதிரி. இங்கே 99 வருடக் குத்தகை எழுதிக்கொள்வார்கள், பிள்ளைகளுக்கும் போகும். ஒரு உதாரணக் கணக்கு: வீடும் மனையும் சேர்ந்து 3,00,000 டாலர். அறக்கட்டளை மனைக்கு 1,00,000 போடுகிறது, குடும்பம் 2,00,000-க்கு வாங்குகிறது. பத்து வருடத்தில் சந்தை விலை 4,00,000 ஆகிறது. ஏறிய ஒரு லட்சத்தில் கால்வாசி, அதாவது 25,000, விற்பவருக்கு. அதோடு அவர் கட்டி முடித்த அசலும் அவருடையது. அடுத்த குடும்பத்துக்கு வீடு 2,25,000-க்குக் கிடைக்கும். புதிதாக மானியம் தேவையில்லை.

இந்தக் கால்வாசிப் பங்கு முறையைப் புகழ்பெறச் செய்தது வெர்மான்ட்டின் பர்லிங்டன், நாற்பதாயிரத்தைச் சுற்றி மக்கள் இருந்த ஊர். பெர்னி சாண்டர்ஸ் மேயராக இருந்தபோது, 1984-இல், நகராட்சி 2,00,000 டாலர் விதைப்பணம் போட்டுத் தொடங்கி வைத்தது. இன்றைக்கு அது சாம்ப்ளெய்ன் ஹவுசிங் டிரஸ்ட் என்ற பெயரில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கையில் வைத்திருக்கிறது.

ஆனால் நில அறக்கட்டளை பிறந்த இடம் பர்லிங்டன் இல்லை. 1969-இல் ஜார்ஜியாவின் லீ கவுன்டியில், ஓட்டுரிமைக்குப் போராடியதற்காக நிலச்சுவான்தார்கள் வெளியேற்றிய கறுப்பின விவசாயக் குடும்பங்களுக்காக சார்ல்ஸ் ஷெராட், ஷெர்லி ஷெராட், ஸ்லேட்டர் கிங் போன்றவர்கள் நியூ கம்யூனிட்டீஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 5,700 ஏக்கருக்குக் கிட்டே நிலம், யாரும் தனியாக விற்க முடியாது. வறட்சி வந்தபோது வெள்ளை விவசாயிகளுக்குக் கிடைத்த அரசுக் கடன் இவர்களுக்கு இழுத்தடிக்கப்பட்டது. 1985-இல் நிலம் கைவிட்டுப் போனது. விவசாயத் துறையின் பாகுபாட்டுக்கு எதிரான வழக்கில் 2009-இல் சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர் கிடைத்து, அதில் மறுபடி ஒரு பழைய தோட்டத்தை வாங்கினார்கள். அந்த யோசனையைச் செதுக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் ஸ்வானும் அவருடைய கூட்டாளி ரால்ஃப் போர்சோடியும் எதைப் பார்த்துக் கற்றார்கள் தெரியுமா, வினோபா பாவேயின் கிராமதானத்தை. நிலம் கிராமத்துடையது, உழுவது குடும்பம் என்ற அதே கிராமதானம். தமிழ்நாட்டில் காந்தியத் தம்பதி ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் நடந்து நடந்து கொண்டுசேர்த்தது. கூட்டத்தில் யாராவது இது அமெரிக்கத்தனமே இல்லை என்று முகம் சுளித்தால், உள்ளுக்குள் சிரித்துக்கொள்ள நமக்கு ஒரு காரணம் இருக்கிறது.

நடைமுறையில் செய்ய வேண்டியது: இரண்டாம் படியில் கோடு போட்டு வைத்த நகராட்சி மனைகளை எடுங்கள். அவற்றை ஏலத்தில் அதிக விலைக்கு விற்காமல், அறக்கட்டளைக்கு ஒரு டாலருக்கு மாற்றித் தரும் தீர்மானத்தைக் கேளுங்கள். வரி கட்டாமல் கவுன்டி ஏலத்துக்கு வரும் மனைகளுக்கும் முதல் உரிமை கேளுங்கள். உங்கள் ஊருக்கென்று தனி அறக்கட்டளை தொடங்க அவசரப்படாதீர்கள், பதினைந்து வீட்டுக்குக் குறைவாக இருந்தால் ஒரு ஊழியர் சம்பளம்கூடத் தேறாது. பக்கத்து கவுன்டியில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதோடு சேருங்கள். ஒரே நிபந்தனை, நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு அந்த வீடுகளில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும்.

6. யாருக்கு முதலில்? சட்டத்தின் ஓரத்தில் நடப்பது

"கறுப்பினத்தவருக்கு முன்னுரிமை" என்று நேராக எழுதினால் அதே 1968 சட்டமும் அரசியலமைப்பின் சம பாதுகாப்பு விதியும் குறுக்கே வரும். "உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை" என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஏற்கெனவே 90 சதவீதம் வெள்ளையர் இருக்கும் ஊரில் அது வேலிக்கு இன்னொரு கம்பி. நடுவில் ஒரு வழி இருக்கிறது: அரசின் எந்தச் செயலால் யார் இடம்பெயர்ந்தார்கள் என்று ஆவணத்தோடு காட்டி, அந்த மனையை இழந்தவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் முன்னுரிமைப் புள்ளி. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் தன் வடக்கு, வடகிழக்குப் பகுதிகளுக்கு 2015 வாக்கில் இப்படிச் செய்தது. உங்கள் இரண்டாம் படித் தாள் இங்கே மறுபடி வேலைக்கு வரும்.

இன்னும் தைரியமாகப் போனது இலினாயின் எவன்ஸ்டன், சுமார் 78,000 பேர். 2019-இல், கஞ்சா விற்பனை வரியில் முதல் ஒரு கோடி டாலரைக் கறுப்பின மக்களுக்கான இழப்பீட்டுக்கு ஒதுக்குவதாக நகர மன்ற உறுப்பினர் ராபின் ரூ சிம்மன்ஸ் முன்னெடுத்த தீர்மானம் நிறைவேறியது. 2021 மார்ச்சில் முதல் திட்டம்: 1919-க்கும் 1969-க்கும் நடுவில் அங்கே வாழ்ந்த கறுப்பினத்தவருக்கும் நேரடி வாரிசுகளுக்கும் ஆளுக்கு 25,000 டாலர், முன்பணத்துக்கோ கடனுக்கோ பழுதுபார்க்கவோ. அந்த வருடங்களைக் கையை வீசிச் சொல்லவில்லை, ஊரின் கறுப்பின ஆவணக் காப்பகமும் வரலாற்று மையமும் சேர்ந்து எழுதிய நீண்ட அறிக்கை பின்னால் இருந்தது. எட்டுக்கு ஒன்று என்று நிறைவேறியது. எதிர்த்து ஓட்டுப் போட்ட அந்த ஒருவரும் கறுப்பினப் பெண், சிசிலி ஃபிளெமிங். இது வீட்டுத் திட்டம், இதற்கு இழப்பீடு என்று பெயர் வைக்காதீர்கள், பணத்தை அவர்கள் கையில் கொடுக்காமல் வங்கிக்கும் கான்ட்ராக்டருக்கும் கொடுப்பது எப்படி நியாயம் என்று கேட்டார். 2022 ஜனவரியில் குலுக்கலில் முதல் 16 பேர். வீடே இல்லாத முதியவர் இந்தப் பணத்தை என்ன செய்வார் என்ற கேள்வி வந்தபிறகு, 2023-இல் ரொக்கமாகவும் வாங்கிக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். 2024-இல் வழக்கு வந்தது. என் கருத்தில் ஃபிளெமிங் சொன்னது சரி. ஆனாலும் ஊர் ஆவணத்தை முதலில் எழுதி, பிறகு பணத்தைத் தொட்ட அந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

7. இருப்பவர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

புது வீட்டுக்கு ரிப்பன் வெட்டலாம், பழைய கூரையை ஒட்டுப்போட்டதற்கு யாரும் படம் எடுக்க மாட்டார்கள். ஆனால் செலவுக்குப் பலன் இங்கேதான். தாத்தா உயில் எழுதாமல் இறந்து, வீடு பதினோரு வாரிசுகளின் பெயரில் பிரிக்காமல் கிடக்கும் கதை நமக்குப் புதிதா என்ன, பாதிக் குடும்பங்களில் கூட்டுப் பட்டா தகராறு உண்டு. தெற்கில் கறுப்பினக் குடும்பங்களின் நிலம் போன முக்கிய வழி இதுதான். எங்கோ இருக்கும் ஒரு வாரிசின் பங்கை ஒரு கம்பெனி வாங்கும், நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை கேட்கும், மொத்த வீடும் ஏலத்துக்குப் போகும். இதைத் தடுக்க 2010-இல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதப்பட்டு இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன; மற்ற வாரிசுகள் அந்தப் பங்கை மதிப்பீட்டு விலையில் வாங்கிக்கொள்ள முதல் வாய்ப்பு கிடைக்கும். உங்கள் மாநிலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மாதம் ஒரு சனிக்கிழமை தேவாலயத்தில் இலவச உயில் எழுதும் முகாம் போடுங்கள்.

முதியவர்களுக்குச் சொத்து வரி நிவாரணம் பல ஊர்களில் ஏற்கெனவே உண்டு, விண்ணப்பிக்கத்தான் ஆள் இல்லை. வாடகைதாரருக்கு வக்கீல் வசதி கேளுங்கள். டிரெய்லர் வீடுகள் நிற்கும் பார்க்குகளை மறந்துவிடாதீர்கள், அதிலும் வீடு அவர்களுடையது, நிலம் வேறொருவருடையது. 2024-இல் சார்லட்ஸ்வில்லில் அப்படி ஒரு பார்க் விற்பனைக்கு வந்தபோது, நகராட்சி பணம் போட, இரண்டு லாப நோக்கற்ற அமைப்புகள் சேர்ந்து வாங்கிக்கொண்டன.

பழைய குடியிருப்பை இடித்துக் கட்டும்போது கேட்க வேண்டிய ஒரே விஷயம்: முதலில் காலி இடத்தில் கட்டுங்கள், ஆட்களை அதற்குள் மாற்றுங்கள், அப்புறம் பழையதை இடியுங்கள். சார்லட்ஸ்வில்லின் ஃபிரெண்ட்ஷிப் கோர்ட் என்ற குடியிருப்பில் 150 குடும்பங்கள் இருந்தன. குடியிருப்பவர்களும் திட்டமிடும் குழுவில் உட்கார்ந்து, இப்படித்தான் கட்டங்கட்டமாகச் செய்தார்கள். "திரும்பி வரலாம்" என்ற எழுத்துறுதி மட்டும் கொடுத்தால் நம்பாதீர்கள், இரண்டு வருடம் வெளியூரில் இருந்தவர் பிள்ளையின் பள்ளியை விட்டுத் திரும்ப மாட்டார்.

8. பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஐம்பதாயிரத்துக்கு மேல் மக்கள் இருக்கும் ஊர்களுக்கு மத்திய சமூக வளர்ச்சி நிதி பொதுவாக நேரடியாக வரும், அதற்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் மாநிலத்திடம் போட்டியிட்டு வாங்க வேண்டும். நகராட்சியின் சொந்தப் பணம் கொஞ்சமாவது இருந்தால்தான் மற்றவை வந்து ஒட்டும். சார்லட்ஸ்வில் 2021 திட்டத்தில் வருடம் ஒரு கோடி டாலர் என்று இலக்கு வைத்தது. அந்த அளவு ஊருக்கு அது பெரிய தொகை. எவன்ஸ்டன் பிற்பாடு விலையுயர்ந்த வீடுகளின் விற்பனை வரியிலிருந்தும் எடுத்தது. ஊரில் பல்கலைக்கழகமோ பெரிய மருத்துவமனையோ இருந்தால், சொத்து வரி கட்டாத அவர்களிடம் நிலமாகக் கேளுங்கள். பணத்தைவிட நிலம் கொடுக்க அவர்களுக்கு மனம் வரும்.

9. கூட்டத்தில்

நியூஜெர்சியின் மவுன்ட் லாரலில் தலைமுறைகளாக வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள் 1970-இல் 36 வீடு கட்ட அனுமதி கேட்டன. இங்கே வாழக் கட்டுப்படியாகாவிட்டால் ஊரை விட்டுப் போங்கள் என்ற பொருளில் மேயர் பதில் சொன்னார். ஈத்தல் லாரன்ஸ் என்ற ஆசிரியை வழக்காடினார். ஒவ்வொரு ஊரும் தன் நியாயமான பங்கு எளியவர் வீட்டுக்கு இடம் தர வேண்டும் என்று 1975-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் பெயரிலேயே கட்டிய வீடுகள் திறந்தது 2000-இல், அவர் இறந்து சில வருடங்களுக்குப் பிறகு. பிரின்ஸ்டன் சமூகவியலாளர் டக்ளஸ் மாஸி குழு அதை ஆராய்ந்து, சுற்றுப்புற வீட்டு விலையோ குற்றமோ வரியோ அதனால் பாதிக்கப்படவில்லை என்று கண்டது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளி ரேட்டிங் இறங்கிவிடும், வீட்டு மதிப்பு போய்விடும் என்று நம் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஓடும் பேச்சைப் பார்த்திருப்பீர்கள். "எல்லோரும் செவ்வாய்க்கிழமை போய் எதிர்த்துப் பேசுங்கள்" என்று ஃபார்வர்டு வரும். அந்தக் குழுவில் பதில் போடுவதும் இந்த வழிகாட்டியில் ஒரு படிதான். கோபமாகப் போடாதீர்கள். உங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தின் அந்தக் கோழி வரியையும் அடுத்த வரியையும் படம் எடுத்துப் போடுங்கள், பேச்சு கொஞ்சம் அடங்கும்.

மன்றத்தில் பேசும்போது மூன்று நிமிடத்தில் ஒரே கோரிக்கை, ஒரே எண், ஒரே முகவரி. முடிந்தால் உங்கள் நேரத்தை அந்தத் தெருவை இழந்தவருக்கு விட்டுக்கொடுங்கள். அவருக்கு வர கார் வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அதை ஏற்பாடு செய்வது உங்கள் வேலை. வெள்ளிக்கிழமையே இணையத்தில் அஜெண்டா போட்டுவிடுவார்கள். விவாதமில்லாமல் மொத்தமாக நிறைவேற்றும் பட்டியல் ஒன்று அதன் தொடக்கத்தில் இருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள். "உபரி நிலம்", அதாவது நகராட்சி தனக்குத் தேவையில்லை என்று கைமாற்றும் மனை, என்ற சொல் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். அது கண்ணில் பட்டால் மனை எண்ணை உங்கள் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பொருந்தினால் திங்கள் காலையிலேயே உறுப்பினர் ஒருவரைக் கூப்பிட்டு அந்த ஒன்றை மட்டும் பட்டியலிலிருந்து தனியே எடுக்கச் சொல்லுங்கள். ஒரு உறுப்பினர் கேட்டாலே பொதுவாகப் போதும்.